உதைக்காத துப்பாக்கி

வேட்டை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் உங்களைப் போலத்தான். கரப்பான் பூச்சியை அடிப்பதற்கே இரண்டு தடவை யோசிக்கிற ஆசாமி. ஆனாலும் ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களின் கதைகளைப் படித்துக்கொண்டே போனபோது, ஒரு பழைய துப்பாக்கித் தோட்டா என் மனத்தில் பாய்ந்துவிட்டது. (நல்ல வேளை, மனத்தில் மட்டும்தான்!) அதைப் பற்றி உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அதன் பெயர் 7 மில்லிமீட்டர் மாஸர். ஜெர்மனியில் பால் மாஸர் என்ற துப்பாக்கி நிபுணரின் தொழிற்சாலையில் 1892-ல் பிறந்தது. மறு வருஷமே ஸ்பெயின் தேசம் தன் ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டது. முழுத் தோட்டாவும் நம் ஆள்காட்டி விரல் நீளந்தான். அதன் நுனியில் உட்கார்ந்திருக்கும் குண்டு, விரலைவிட மெல்லியது. இதைக் கொண்டா எருமைக்கன்று பருமனுள்ள மானைச் சாய்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

1899-ல் தென் ஆப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது போயர் குடியானவர்களின் கையில் இருந்தது இந்த மாஸர்தான். சிறு வயதிலிருந்தே புல்வெளியில் மான் சுட்டுப் பழகிய கைகள் அவை. குறி தப்புமா? 1900 ஜனவரியில் ஸ்பியன் காப் என்ற குன்றில் பிரிட்டிஷ் துருப்புகள் பட்ட பாடு சொல்லி முடியாது. காயப்பட்டவர்களை டோலியில் சுமந்து வந்தது யார் தெரியுமா? காந்திஜி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆகவே இந்தக் குண்டு செய்த காயத்தை அருகிலிருந்து பார்த்த தமிழர்களும் உண்டு.

சண்டை ஓய்ந்தது. சுடுபட்டவர்களுக்கே சுட்ட தோட்டாவின் மேல் ஆசை வந்துவிட்டது! லண்டன் ரிக்பி கம்பெனியார் இதற்கென்றே அழகிய வேட்டைத் துப்பாக்கி செய்து விற்றார்கள். ஜெர்மன் பெயர் துரைமார் வாய்க்கு ருசிக்குமா? ‘.275 ரிக்பி’ என்று புது நாமகரணம் நடந்தது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் கொன்ற ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததும் இந்த ரகந்தான்.

இனி ஆப்பிரிக்கப் புல்வெளிக்கு வாருங்கள். இம்பாலா என்றொரு மான். நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் எடை இருக்கும். குடூ என்பது முறுக்குப் பிழிந்தாற்போல் கொம்புள்ள கம்பீரமான மான். கிடா 200 கிலோவுக்கு மேலும் போகும். வில்டபீஸ்ட் இருக்கிறதே, அது அசட்டு முகத்தோடு நிற்கும். ஆனால் உயிர் மகா கெட்டி. இவற்றுக்கெல்லாம் இந்தச் சின்னத் தோட்டா போதும் என்று நூறு வருஷத்துக்கு மேலாக அநுபவஸ்தர்கள் சொல்லிவருகிறார்கள். காரணம் குண்டின் பலம் அல்ல, சுடுகிறவரின் தோள்.

பெரிய துப்பாக்கி சுடும்போது குதிரை போலப் பின்னால் உதைக்கும். முதல் தடவை உதை வாங்கிய உடம்பு அதை மறப்பதில்லை. ஊசி போட்ட டாக்டரை மறுபடி கண்டதும் குழந்தை தோளைக் குறுக்கிக்கொள்கிறதல்லவா? அதே கதைதான். விசையை அழுத்தும் கணத்தில் கண் தானாக மூடிக்கொள்கிறது, தோள் சுருங்குகிறது, துப்பாக்கி வாய் மயிரிழை அசைகிறது. இங்கே மயிரிழை அசைந்தால், 150 மீட்டர் தள்ளி நிற்கும் மானிடம் அது ஒரு சாண் ஆகிவிடும். நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். 7 மில்லிமீட்டரோ மெதுவாகத்தான் தட்டும். சுடுகிறவர் கண் திறந்தபடியே சுடலாம்.

அமெரிக்காவில் பிரபலமான வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓகானரின் மனைவி எலினார் அம்மையார், ஆப்பிரிக்காவுக்கே இந்தத் துப்பாக்கியை எடுத்துப் போய்ச் சுட்டவர். “பெண்பிள்ளைக்கு ஏற்ற லேசான துப்பாக்கி” என்று இதை ஏளனமாகச் சொல்லும் ஆண்பிள்ளைகள் உண்டு. பெரிய துப்பாக்கியால் சுட்டுவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டு நிற்பவர்களும் அவர்கள்தாம்!

சரி, எங்கே சுடுவது? ஆப்பிரிக்க மான்களுக்கு இருதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலை ஒட்டியே பார்வையை மேலே கொண்டுபோய், உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்து என்று சொல்லித் தருகிறார்கள். மூன்று கோல்களைச் சேர்த்துக் கட்டிய முக்காலி மேல் துப்பாக்கியைத் தாங்கவைப்பார்கள். பின்னால் வேறு மான் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குண்டு ஒன்றை ஊடுருவி மற்றொன்றையும் காயப்படுத்திவிடும். இத்தனையும் சரியாக இல்லையென்றால் சுடாமல் திரும்ப வேண்டியதுதான்.

இந்த இடத்தில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1880-ல் பிறந்தவர். உகாண்டாவில் கரமோஜா பிரதேசத்தில் தந்தத்துக்காக அலைந்தவர். யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று பாடம் படித்தார். ஆயுளில் அவர் கொன்ற யானைகள் 1,011. அவற்றில் சுமார் 800 இந்தச் சின்னத் தோட்டாவால். எழுதும்போதே கை கூசுகிறது. சாமர்த்தியம் என்று மெச்சுவதா, பாவம் என்று பதறுவதா? எனக்குப் பதற்றந்தான் முந்திக்கொள்கிறது. பெல்லின் கண்ணும் படிப்பும் இல்லாதவர் அவரைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டால், அந்தச் சூடு விழுவது யானையின் மேல்.

அதனால்தான் இன்று சட்டம் குறுக்கே நிற்கிறது. நமீபியாவில் குடூ, வில்டபீஸ்ட் போன்றவற்றைச் சுடத் துப்பாக்கிக்குக் குறைந்தது 2,700 ஜூல் சக்தி வேண்டும். யானைக்கும் எருமைக்கும் 5,400. நமது கிழத் தோட்டா முதல் பரீட்சையில் தேறிவிடும். இரண்டாவதில் கிட்டக்கூட வராது. கென்யாவிலோ 1977-லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள். நம் நாட்டில் 1972-ல் சட்டம் வந்துவிட்டது.

வேட்டை நடக்கும் இடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும், மிருகம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், முழுப் பணத்தையும் வைத்தாக வேண்டும். நியாயந்தானே? குறி தப்பிய பிறகு வேலை தடம் பார்ப்பவர்களுடையது. அவர்கள் குனிந்து புல்லைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல். மான் தூரம் போயிருக்காது. கறுத்த ரத்தம் என்றால் ஈரல். அதோடு பச்சையாக மேய்ந்த புல் கலந்திருந்தால் வயிறு. அதைக் கண்டதும் யாரும் பேச மாட்டார்கள். மணிக்கணக்கில் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும். சில நாள் பொழுது சாய்ந்துவிடும், மான் அகப்பட்டிருக்காது. மறுநாள் விடிந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது தரையை அல்ல, வானத்தை. கழுகுகள் எங்கே வட்டமிடுகின்றன என்று.