இரும்பின் நிறைக்குக் கூலி பேசாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும், கராஜிலோ லேத் பட்டறையிலோ பிள்ளை வேலை செய்யும் பெற்றோரும் பொறுமையாக வாசித்தால் நல்லது.

"ஒரு துண்டு இரும்புதானே மகன், இதுக்கா இவ்வளவு காசு?"

நம்மூர்ப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் வசனம். போன வாரமும் கேட்டேன். கேட்டவர் மொரிஸ் மைனர் வைத்திருக்கும் ஒரு நானா. பதில் சொல்ல முடியாமல் நின்றவன் என்னிடம் படித்த பையன். அந்தக் காருக்கு ஒல்டர்னேட்டர் பொருத்த அவன் செய்து கொடுத்த பிரக்கட்தான் விஷயம். நானா மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சாண் தகடும் நாலு ஓட்டையும். ஆனால் அந்தக் கேள்வி பிழையான கேள்வி என்றே சொல்வேன்.

மொரிஸ் மைனர் 1948இல் வந்த கார். அதில் இருப்பது டைனமோ. நல்ல நிலையில் இருந்தாலும் இருபது அம்பியர் சொச்சம்தான் தரும். எஞ்ஜின் மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. அந்தக் காலத்து ரோட்டுக்கு அது போதும். இன்று இரவு மழையில் லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு டிரபிக்கில் நின்றால் பெட்டரி இறங்கிக்கொண்டே போகும். அதனால் ஜப்பான் காரில் கழற்றிய சிறிய ஒல்டர்னேட்டரைப் பூட்டுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழையதை ஓட்டிச் சமாளிக்க இந்த மாதிரி வேலைகள்தான் கைகொடுத்தன.

டைனமோ நீளமானது, ஒல்டர்னேட்டர் குட்டையும் பருமனும். டைனமோவை முன்னால் ஒரு காது, பின்னால் ஒரு காது என்று எஞ்ஜினில் தொங்கவிட்டிருப்பார்கள். ஒல்டர்னேட்டரின் காதுகள் அந்த இடங்களுக்கு எட்டாது. எட்டாத அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பிரக்கட்டின் வேலை. கடையில் ரெடிமேடாகக் கிடைத்தாலும், நம்மிடம் இருக்கும் ஒல்டர்னேட்டருக்கு அது பொருந்துமா என்பது வேறு கதை.

கிராங்க் புல்லி, தண்ணீர் பம்ப் புல்லி, ஒல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். நேரான சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரியும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் விலகினாலே பெல்ட் கத்தும், ஓரம் தேயும். அந்தக் காரில் விசிறியும் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன என்பதை மறக்கக் கூடாது. பிரக்கட் வெடித்தால், பெல்ட் கழன்றால், பெட்டரி மட்டும் போகாது. தண்ணீர் கொதிக்கும், ஹெட் கெஸ்கட் போகும். பிரக்கட்டில் மிச்சம் பிடித்த காசு எங்கே போய் முடியும் என்று நானாவே கணக்குப் பார்க்கட்டும்.

பையன் முதலில் காட்போட் வெட்டி அச்சு எடுத்தான். பெல்ட்டை இறுக்குவதற்கான வளைந்த துளையைக் கண்மட்டத்துக்கு வெட்டவில்லை. ஒல்டர்னேட்டர் சுழலும் போல்ட்டை மையமாக வைத்துக் கவராயத்தால் வில் கீறினான். வகுப்பில் வட்டப் பாடம் நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன்தான்! பிறகு எஞ்ஜினில் வைத்தே இரண்டு மூன்று பொட்டு வெல்டிங், அதுவும் பெட்டரி வயரைக் கழற்றிவிட்டு. கழற்றி எடுத்து முழு வெல்டிங். ஆறும்போது இரும்பு இழுக்கும், அதனால் திரும்பப் பூட்டி அளவு பார்க்க வேண்டும். மூலையில் ஒரு முக்கோணத் தாங்கி வைத்தான். அது இல்லாவிட்டால் எஞ்ஜின் நடுக்கத்தில் வெல்டிங் ஓரத்திலேயே வெடிப்பு விழும். எஞ்ஜினில் இருப்பது அங்குலக் கணக்கு மரை. அதற்குள் எட்டு மில்லிமீற்றர் போல்ட்டைத் திணிக்காமல் சரியான போல்ட் தேடி இரண்டு கடை ஏறினான். அந்தக் காலத்து மைனரில் பெட்டரியின் பிளஸ் பக்கம்தான் பொடியோடு சேர்ந்திருக்கும். அதை மாற்றாமல் ஒல்டர்னேட்டருக்கு லைன் கொடுத்தால் உள்ளே இருக்கும் டயோட் அந்த நிமிஷமே எரியும். அதையும் கவனித்து மாற்றிக் கொடுத்திருக்கிறான்.

"சேர், இரும்பு ரெண்டு கிலோவும் இல்ல. அளவு எடுக்கத்தான் நாள் போச்சு" என்றான். நாம் கூலி கொடுக்க வேண்டியது அந்த நாளுக்கு. டொக்டரிடம் போய் "ஒரு துண்டு கடதாசிதானே எழுதினீங்க" என்று யாரும் கேட்பதில்லையே.

பாஸ்மாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்லாரும் இந்தப் பையன் மாதிரி இல்லை. வொஷர் நாலைந்தை அடுக்கி உயரம் சரிக்கட்டி, மோசமான வெல்டிங்கை கிரைண்டர் பிடித்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுப்பவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு நம்பிக்கை போனதற்கு அவர்களும் காரணம். வேலை தொடங்குமுன் விலையைச் சொல்லுங்கள். எடுத்த அச்சில் கார் பெயரையும் ஒல்டர்னேட்டர் விபரத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த மைனர் வரும்போது பாதி வேலை மிச்சம், விலையும் குறையும்.

சாதாரண தரத்தில் கணிதம் தவறியவன் என்று இந்தப் பையனைப் பற்றி வீட்டிலேயே இன்னும் சொல்கிறார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. ஆனால் சாதாரண தரத்தோடு வெளியே போனவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்? அவனுக்கு உள்ள வழி என்விகியூ. வகுப்பில் உட்காராமல், செய்து பழகிய வேலையை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முறை அதில் இருக்கிறது. நைட்டா மூலம் விண்ணப்பிக்கலாம். வெல்டிங்குக்கும் உண்டு, லேத் வேலைக்கும் உண்டு. வெளிநாடு போவதாக இருந்தாலும் "லேபர்" என்று போவதற்கும் கையில் சான்றிதழோடு போவதற்கும் சம்பளத்தில் வித்தியாசம் இருக்கிறது. பள்ளி நிர்வாகமும் விளையாட்டுக் கழகங்களும் டியூசனுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் கொமென்டில் எழுதுங்கள்.

செய்த வேலைகளை போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், மதிப்பீட்டுக்குப் போகும்போது காட்டலாம். படிவம் நிரப்ப உதவி தேவைப்படும் பிள்ளைகள் மஃரிபுக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். வெள்ளிக்கிழமை மட்டும் இருக்க மாட்டேன்.