வைரஸ் மாறாமலும் பரவும்

மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி, காய்ச்சல் தணிந்து இரண்டு மாதங்களான பின்னும் தறியில் அமர இயலாமல் வருவோர் எங்களிடம் முதலில் கேட்பது, "இது புதுவகை வைரஸா?" என்பதே. கேள்வி நியாயமானது. ஆயினும் பொதட்டூர்பேட்டை போன்ற ஊரில், வைரஸ் மாறிற்றா என்பதைவிட வீட்டுத் தண்ணீர் எத்தனை நாள் திறந்து கிடக்கிறது என்பதே முதன்மையான கேள்வி என்பது எங்கள் கருத்து.

சிக்குன்குனியா வைரஸ் மாறக்கூடியதுதான். அதன் மரபுப்பொருள் ஏறத்தாழ 11,800 எழுத்துகள் கொண்ட ஓரிழை ஆர்.என்.ஏ. படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பெரும்பாலான பிழைகள் வீணாகும். அரிதாக ஒன்று வைரஸுக்குப் பயன்படும். 2005-06இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் பரவிய வைரஸில் அத்தகைய ஒன்று கண்டறியப்பட்டது. அதன் உறைப் புரதத்தில் 226ஆம் இடத்தில் அலனின் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. இந்த ஒரே மாற்றத்தால் ஏடிஸ் அல்போபிக்டஸ் என்னும் புலிக்கொசுவின் குடலில் வைரஸ் எளிதாகத் தொற்றலாயிற்று. தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோயுற்றனர். 2007இல் கேரளத்திலும் இம்மாற்றம் காணப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கி, அக்கொசு அங்கே செழித்திருந்தது.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டை எண்ணிப் பாருங்கள். 2006இல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர்க்கு இந்நோய் இருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. எல்லைக்கு அப்பால் இராயலசீமையும், இப்பால் நம் மாநிலமும் அதில் அடங்கும். 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய ஆசிய மரபுவழி அன்று வரவில்லை. வந்தது ஆப்பிரிக்க மரபுவழி. எனினும் 226ஆம் இட மாற்றம் அன்றைய இந்திய வைரஸ்களில் இல்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வீட்டுக்குள் வாழும் ஏடிஸ் எஜிப்தியும், அது முட்டையிடத் தொட்டியும் குடமும் ஆயத்தமாகவே இருந்தன. நீண்டகாலம் நோய் தலைகாட்டாததால், எதிர்ப்பாற்றல் அற்ற ஒரு தலைமுறையும் வளர்ந்திருந்தது.

எனவே "வைரஸ் மாறிவிட்டது, இனி என்ன செய்ய?" என்னும் சலிப்பை நாங்கள் ஏற்பதில்லை. மேற்சொன்ன மாற்றம் கொசுவுக்கு ஏற்றது. உங்கள் மூட்டுவலி நீடிப்பதற்கு அதுவே காரணம் என்று கூற இயலாது. பழைய வகைகளிலும் வலி மாதக்கணக்கில் நீடித்ததுண்டு. டெங்குவுக்கு இருப்பதுபோல் நான்கு வகைகள் இதற்கில்லை. ஒருமுறை நோயுற்றவர்க்கு எதிர்ப்பாற்றல் பல்லாண்டுகள் நிலைக்கும். (வலி தாளாமல் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்குவோர்தாம் எங்களைப் பெரிதும் அச்சுறுத்துகின்றனர். டெங்கு இல்லை என உறுதியாகும்வரை, பாராசிட்டமால் தவிர வேறு வலிமருந்தும் கூடாது.)

ஏடிஸ் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். உலர்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகையால் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தறிக்கூடத்தின் இருண்ட மூலைகளும் இக்கொசு தங்கும் இடங்களே. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் முதல் வாரத்தில் அவர் இரத்தத்தில் வைரஸ் மிகுதியாக இருக்கும். ஏடிஸ் பகலில் கடிப்பது. அந்த ஏழு நாள்களும் அவரைப் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.