குறி தானாக மாறுவதில்லை

"அந்தப் பக்கம் போனால் குறி மாறும்." பள்ளிக் கணித வகுப்புகளில் மந்திரம்போல் ஓதப்படும் இவ்வாக்கியத்தைக் கைவிட வேண்டிய காலம் எப்போதோ வந்துவிட்டது.

இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் இயற்றிய பீஜகணிதத்தில் ஒரு கணக்கு உண்டு. ஒருவனிடம் 300 நாணயங்களும் 6 குதிரைகளும் உள்ளன. மற்றவனிடம் 10 குதிரைகளும் 100 நாணயக் கடனும். குதிரைகள் யாவும் ஒரே விலை. இருவர் செல்வமும் சமம். ஒரு குதிரையின் விலை என்ன? விலையைக் 'கு' எனக் கொண்டால், 6கு + 300 = 10கு − 100.

மந்திரத்தை நம்பும் மாணவர் 4கு = 400 வரை தடையின்றி வந்துவிடுவார். பிறகு 4-ஐயும் அந்தப் பக்கம் அனுப்பிக் குறியை மாற்றுவார்: கு = −100. குதிரையே கடனாகிவிடும்! இதைக் கவனக்குறைவு என்று திருத்துவது அநியாயம். கற்பித்த விதியை அவர் அப்படியே பின்பற்றியிருக்கிறார்.

கொச்சி பிராட்வேயின் கடைகளில் மின்னணுத் தராசு மிளகை ஏற்று எண்ணைக் காட்டுகிறது. சமக்குறியையும் மாணவர் பலர் அவ்வாறே வாசிக்கின்றனர்: இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. கரோலின் கீரன் 1981-இலேயே இதைச் சுட்டினார். 3கு + 5 = 20 என்னுமளவும் அவ்வாசிப்பு தாங்கும். மாறி இருபக்கமும் வந்ததும் விடைக்கென ஒரு பக்கம் இல்லாமல் போகிறது.

பழைய தட்டுத்தராசின் இலக்கணம் வேறு. இரு தட்டிலும் 100 சேர்த்தால் கடன் தீரும்: 6கு + 400 = 10கு. இரண்டிலிருந்தும் 6 குதிரைகளை இறக்கினால் 400 = 4கு. இரண்டையும் நான்கால் வகுத்தால் விலை 100. இருவர் செல்வமும் தலைக்கு 900. எதுவும் எங்கும் 'போகவில்லை'.

சொற்களே இதற்குச் சான்று. பிரம்மகுப்தர் 628-இல் ஆண்ட 'சமீகரணம்' என்பதன் பொருள் சமமாக்குதல். அல்குவாரிஸ்மியின் 'அல்ஜபர்' குறையை நிரப்புதலைக் குறிக்கும். அதிலிருந்தே அல்ஜீப்ரா பிறந்தது. தமிழின் 'சமன்பாடு' என்ற சொல்லிலும் சமனே நிற்கிறது. 'போதல்' என்னும் வினை இவற்றுள் எதிலும் இல்லை.

தேர்வில் நேரமில்லை என்பர். சுருக்குவழி வேண்டாமென்று எவரும் சொல்லவில்லை. காரணம் அறிந்தவர் சுருக்கலாம். காரணத்தை மறைத்துச் சுருக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு, பிழைக்கு மாணவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது எந்தத் தராசில் சமமாகும்?