திண்ணையிலிருந்து மருத்துவமனை வரை

"எழுபது வயதாகிவிட்டது. இனிக் கண் தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்?"

திண்ணையோரம் அமர்ந்திருக்கும் பாட்டிமார் பலர் இவ்வாறு சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். 'அவர்களுக்கே விருப்பமில்லை' என்று நம் மனத்தைத் தேற்றிக்கொண்டும் இருக்கிறோம். ஆனால் அச்சொற்களுக்குள் மறைந்திருப்பது பெரும்பாலும் விருப்பமின்மை அன்று. மகனுக்குச் செலவு வைக்கலாகாது, மருமகளின் கூலி கெடலாகாது என்னும் தயக்கமே அது. மதுரைக் கண் மருத்துவர்கள் பல்லாண்டுகள் பட்டறிந்த உண்மை இது.

கண்புரையை ஊரார் 'கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது' என்பர். சதை எதுவும் வளர்வதில்லை. கண்மணிக்குப் பின்னே கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் சிறு வில்லை, வயது ஏற ஏற, வெந்த முட்டையின் வெண்கரு போல மங்கிப்போகிறது. அவ்வளவே. சொட்டு மருந்தால் அது கரையாது, பத்தியத்தால் தெளியாது. மங்கிய வில்லையை எடுத்துவிடுவதே வழி. தேர்ந்த கைக்கு அது பத்துப் பதினைந்து நிமிட வேலை.

அத்தகைய தேர்ந்த கைகளுள் ஒன்று கோணிய விரல்களை உடையது. டாக்டர் ஜி. வெங்கடசாமி மகப்பேற்று மருத்துவராக விரும்பியவர். கடுமையான மூட்டுவாதம் தாக்கி விரல்கள் திருகிக்கொண்டமையால் அவ்விருப்பம் கைகூடவில்லை. கண் மருத்துவத்திற்குத் திரும்பி, அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியினின்று 58-ஆம் வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் செலுத்துவோர் தரும் வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை செய்வது அங்குள்ள முறை. அவர் 2006-இல் மறைந்தார்; முறை மாறவில்லை.

இலவசம் என்று அறிவித்தால் மக்கள் வந்து குவிவர் என்றே எவரும் நினைப்போம். அவ்வாறு நிகழவில்லை. சிற்றூர் முகாம்களில் புரை கண்டு, "மதுரைக்கு வாருங்கள், கட்டணம் இல்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுள் பலர் வரவேயில்லை. காரணத்தைத் தேடியபோது விடை எளிதாக இருந்தது. பேருந்துக் கட்டணம் யார் தருவது? உடன் வருபவர் எங்கே உண்பது? அவருடைய கூலிக்கு என்ன வழி? அறுவை இலவசம்தான், அதற்குப் போய்வருவது இலவசமன்று! அதன்பின் பயணம், உணவு, தங்குமிடம் ஆகிய அனைத்தையும் மருத்துவமனையே ஏற்றது. முகாமிலிருந்தே பேருந்தில் கூட்டமாக அழைத்துச் சென்றனர். பக்கத்துத் தெருக்காரியும் உடன் வருகிறாள் என்றால் அச்சம் பாதி நீங்கிவிடுமன்றோ?

எனினும் 1990-களில் நடந்த ஆய்வொன்றில், கண் குறையுடைய சிற்றூர் மக்களுள் பத்தில் ஒருவர்கூட முகாமிற்கு வரவில்லை எனத் தெரிந்தது. ஆகவே இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் ஊர்களிலேயே சிறு கண் நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்குப் பயிற்சி பெற்ற பணியாளர் பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் கணினி வழியே நோயாளியோடு பேசுகிறார்.

தடித்த 'சோடாப்புட்டிக்' கண்ணாடியைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். முன்னாளில் வில்லையை எடுத்துவிட்டு அக்கண்ணாடியைக் கொடுத்தனுப்புவர். அது உடைந்தால் மீண்டும் இருள்தான். கண்ணுக்குள் செயற்கை வில்லை வைக்கும் முறையை இலண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இலேயே தொடங்கிவிட்டார். ஆனால் அவ்வில்லை ஏழை நாடுகளுக்கு எட்டாப் பொருளாகவே நெடுங்காலம் இருந்தது. ஒன்றின் விலை ஏறத்தாழ 100 டாலர்! 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்னும் ஆலை எழுந்து, 10 டாலர் அளவிற்கு அதைச் செய்து கொடுத்தது. பாட்டிக்கு இன்று அக்கண்ணாடி தேவையில்லை.

'புரை நன்றாக முற்றட்டும்' என்று காத்திருக்கும் வழக்கம் அந்தப் பழைய அறுவை முறையைச் சார்ந்தது. முறை மாறிவிட்டது, பேச்சு மட்டும் மாறவில்லை. மிக முற்றிய புரை சிலருக்குக் கண்ணுக்குள் கசிந்து, கண்ணழுத்தத்தை ஏற்றி, தாங்கொணா வலியையும் பார்வை நரம்பிற்குக் கேட்டையும் விளைவிக்கும். அந்நரம்பு அழிந்தால் எம்மருத்துவராலும் அதை மீட்டுத்தர இயலாது. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாகும்போதே மருத்துவரிடம் காட்டுவது நன்று.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். ஏழை நாடுகள் பலவற்றில் புரை அறுவை பெறும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கே குறைவு. தாத்தாவை அழைத்துப் போக ஆள் கிடைக்கிறது, பாட்டிக்குக் கிடைப்பதில்லை. கோவிலில் கண் முகாம் அறிவிப்பு வாசிக்கப்படும்போது, நம் தெருவில் அழைத்துப்போக ஆளற்ற பாட்டி எவர் என்று அங்கேயே எண்ணிப் பாருங்கள். அவரிடம், "வருகிறீர்களா பாட்டி?" என்று கேட்க வேண்டாம், "வேண்டாம்" என்றே சொல்வார். "ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு நான் வந்து கூட்டிப்போகிறேன்" என்று சொல்லுங்கள்.

வீடு திரும்பியபின் மருத்துவர் சொன்ன நாள்வரை கண்ணில் தண்ணீர் படலாகாது, கசக்கலாகாது. சொட்டு மருந்து விடும் பொறுப்பைச் சோப்பிட்டுக் கை கழுவிய பேத்தியிடம் கொடுக்கலாம். வலியோ சிவப்போ கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

ஒரு கண் தெளிந்ததும், "ஒன்று போதும், விடு" என்பார் பாட்டி. மற்றக் கண்ணுக்கு எப்போது வரவேண்டுமென மருத்துவமனைச் சீட்டில் குறித்திருப்பார்கள். அச்சீட்டை அவர் முந்தானையில் முடிந்துகொள்ளுமுன் வாங்கி, நாட்காட்டி ஆணியில் மாட்டிவிடுங்கள்.