மொட்டைமாடிக்கும் ஒரு பாடவேளை வேண்டும்

திருப்பூரில் இரவு என்பது இருட்டு அன்று. பனியன் கம்பெனி விளக்குகளால் மேகத்தின் அடிப்புறம்கூட வெளுத்துத் தெரியும். இத்தகைய ஊரிலிருந்து நெபுலாவைப் படம் பிடிக்க வேண்டும் என்றால் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும், முடியும் என்பதே எங்கள் கட்சி.

தை மாதத்தில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஏறக்குறைய நம் தலைக்கு மேலே மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். திருவாதிரையும் அருகில்தான் சிவந்து ஒளிரும். அம்மூன்றுக்கும் சற்றுத் தெற்கே மங்கலாகத் தெரியும் வாயு மேகமே ஓரியன் நெபுலா. அதன் ஒளி நம்மை வந்தடைய 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்பார் அதை முதன்முதலாகப் படம் பிடித்தார். அவர் மருத்துவம் கற்றவர். வானியலைத் தம் ஆர்வத்தால் மேற்கொண்டவர். இன்று ஒரு சிறு தொலைநோக்கியும், பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்து அதைத் திருப்பும் மோட்டாரும், ஒரு காமிராவும் போதும். அரை நிமிடப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாகச் சேர்த்தால், கண்ணுக்குச் சாம்பலாய்த் தோன்றியது செந்நிறமாய் மலரும். ஊர் வெளிச்சத்தையும் ஓரளவு கழித்துவிடலாம்.

வில்லியமினா ஃபிளெமிங் அம்மையாரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஹார்வர்டு வானாய்வகத் தலைவரின் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர் அவர். பின்னர் அந்த ஆய்வகத்திலேயே கண்ணாடித் தகட்டுப் படங்களை ஆராயும் வேலையில் அமர்ந்தார். 1888-இல் எடுத்த ஒரு தகட்டில், ஒளிப் படலத்தின் நடுவே அரைவட்டமாய் ஒரு கருப்பு வெட்டு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதுவே இன்று குதிரைத்தலை நெபுலா. வெளிச்சத்தில் துணியை விரித்து ஓட்டை தேடும் எங்கள் ஊர்ச் செக்கிங் அக்காமாரின் கண்ணும் அத்தகையதுதானே!

நம் மண்ணும் இத்துறைக்குப் புதிதன்று. 1689-இல் புதுச்சேரியிலிருந்து ரிஷோ என்ற இயேசு சபைக் குரு, ஆல்ஃபா சென்டாரி இரட்டை விண்மீன் எனக் கண்டார். காவலூரில் 2.34 மீட்டர்த் தொலைநோக்கி இருக்கிறது. 1986-இல் அதற்கு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.

“புத்தகத்திலேயே அழகான படம் இருக்கிறதே” என்பார்கள். உண்மைதான், அதைப் பார்த்து வரைந்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். தவளையையும் படத்தில் மட்டும் பார்த்தால் போதுமா!

“பெண் பிள்ளைகளுக்கு இரவில் என்ன வேலை?” என்னும் கேள்விதான் பெரியது. ஒன்றரை ஷிப்டு முடித்து எட்டரை மணிக்கு எங்கள் தாய்மாரும் அக்காமாரும் வீடு திரும்பும் ஊர் இது. வேலைக்கு ஆகும் இரவு, படிப்புக்கு மட்டும் ஆகாதா? பெற்றோரின் அச்சத்தை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. அதனால்தான் அவர்களையும் உடன் அழைக்கிறோம்.

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களுக்கு எங்கள் விண்ணப்பம் இதுவே: அறிவியல் கூடத்திற்கு மோட்டார் பொருத்திய தொலைநோக்கி ஒன்று, ஜனவரி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை இரவு ஒன்பது முதல் பத்தரை வரை மொட்டைமாடிச் சாவி. அந்த ஒன்றரை மணி நேரம் பக்கத்துக் கம்பெனியார் வெளிவிளக்கை அணைத்து உதவ வேண்டும். கேட்டுப் பார்க்க நாங்களே போகிறோம். அம்மாக்கள் ஷிப்டு முடிந்து சாப்பிட்டுவிட்டு நேரே வரலாம். பனி விழும், தலைக்கு ஒரு துண்டு எடுத்து வரவும்.