ஒரு பிட் புரண்டால் வாளை வாழையாகும்

‘எவ்வளவு வேகமான சில்லு கிடைக்குதோ அதையே போடுங்க சார்.’ பழைய 486 மதர்போர்டுக்கு கேஷ் சில்லு தேடும் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனை இது. இதைவிடப் பொறுப்பற்றது வேறில்லை என்பது என் கட்சி.

திருவண்ணாமலையில் ஓர் அச்சகத்தின் 486-ஐச் சரிசெய்து கொண்டிருக்கிறேன். உள்ளே சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு. தொண்ணூறுகளில் உள்ளிட்ட புத்தகங்கள் எல்லாம் 1991-இல் தரப்படுத்தப்பட்ட இஸ்கி குறியாக்கத்தில் இருக்கின்றன. எமுலேட்டரில் ஓட்டலாமே என்கிறார்கள். அந்தக் கார்டை எமுலேட்டரில் எங்கே செருகுவது?

இஸ்கியில் ‘ள’ 210, ‘ழ’ 211. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பிட். கேஷில் அது புரண்டால் வாளை மீன் வாழை மரமாகிவிடும். இரண்டுமே நல்ல தமிழ்ச் சொற்கள். பிழை திருத்துபவர் கண்ணுக்கும் தப்பும். அந்தக் காலத்து போர்டுகளில் பெரும்பாலும் கேஷுக்கு பாரிட்டி சோதனை கிடையாது. மெஷின் தொங்கினால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். தொங்காமல் தப்பாக எழுதிவைப்பதுதான் ஆபத்து.

சரி, எதை வாங்குவது? 256 கேபி கேஷுக்கு 32 கிலோபைட் சில்லுகள் எட்டு. எந்த முகவரியின் தரவு உள்ளே இருக்கிறது என்று குறித்துவைக்கும் டேக் சில்லு ஒன்று. 33 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் ஒரு சுழற்சி 30 நானோசெகண்ட். போர்டு கையேடு 20 நானோசெகண்ட் கேட்டால் 20 போதும். 15 போட்டால் மட்டும் மெஷின் வேகமாக ஓடாது. காத்திருப்பு எத்தனை சுழற்சி என்பதை முடிவு செய்வது பயாஸ் அமைப்பு. டேக் சில்லில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மற்ற வேலை நடக்கும் என்பதால் பல போர்டுகள் அதற்கு 15 கேட்கும்.

எல்லாரும் 15, 15 என்று அலைவதால்தான் 20-ஐச் சுரண்டி 15 என்று அச்சடிக்கிற வியாபாரம் நடக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில் உள்ளே ஒன்றுமேயில்லாத பிளாஸ்டிக்கை கேஷ் என்று ஒட்டி விற்ற 486 போர்டுகளே உண்டு. பயாஸும் சேர்ந்து பொய் சொன்னது. சில்லின் முதுகில் எழுதியிருப்பது சாட்சியம் ஆகாது. ரிச்சி தெருவில் வெறுமனே ‘62256’ என்று கேட்டால் 70 நானோசெகண்ட் சில்லும் கைக்கு வரலாம். அதே 28 கால்தான்; ஆனால் கால் வரிசைகளுக்கு நடுவே 0.6 அங்குலம். கேஷ் சாக்கெட்டில் 0.3.

‘கேஷை அணைச்சிட்டு ஓட்டுங்களேன்?’ நியாயமான கேள்வி. கோப்புகளை நகலெடுக்க அப்படித்தான் ஓட்ட வேண்டும், அதுவும் முதல் வேலையாக. ஆனால் இந்த மெஷினில் தினமும் பக்கம் பக்கமாகப் பிரித்துச் சரிபார்க்க வேண்டியவருக்கு அந்த ஆமை வேகம் தண்டனை.

2017 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் பார்த்த ஊர் இது. சீக்கிரம் காயும் என்று அஷ்டபந்தனத்துக்குப் பதில் இங்கே யாரும் சிமெண்டைப் பூசவில்லை. அந்த நிதானம் போதும். கையேடு கேட்கும் சில்லை வாங்குங்கள், 5 வோல்ட்தானா என்று பாருங்கள், ஜம்பரைச் சரியாக வையுங்கள், ராத்திரி முழுக்க நினைவகச் சோதனை ஓடட்டும். ஒரு பிழைகூட இல்லையென்றால், அதன் பிறகு புத்தகத்தைத் திறக்கலாம்.