"ஜெயிக்க மாட்டாரு"ன்னு முடிவு பண்றது யாரு?

1/ காளவாசல் டீக்கடையில ஒரு கட்சிக்காரர் சொன்னார்: "எங்க ஆளு நல்ல உழைப்பாளி டாக்டர். ஆனா எஸ்.சி. பொதுத் தொகுதியில நிறுத்துனா ஜனங்க ஓட்டுப் போட மாட்டாங்க." பழியை அப்படியே நம்ம தலையில கட்டிட்டு டீயைக் குடிச்சார்.

2/ மதுரை மாவட்டத்துல 10 சட்டமன்றத் தொகுதி. சோழவந்தான் மட்டும் தனி. மீதி 9 பொது. பொதுன்னா எல்லாரும் நிக்கலாம்னு சட்டம் சொல்லுது. கட்சிகள் அதை "பட்டியல் சாதி நீங்கலாக"ன்னு படிக்குது.

3/ சாதி பார்த்து ஓட்டுப் போடுறதே இல்லைன்னு நான் சொல்லல. இங்கிருந்து தேனி ரோட்டைப் பிடிச்சா உசிலம்பட்டி. அந்தப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி. 1996-ல ஊராட்சித் தலைவர் பதவியைத் தனி ஆக்குனாங்க. 2006 வரைக்கும் ஒரு தலைவரும் அங்க பதவியில நிலைக்க முடியல. மேலூர் பக்கம் மேலவளவுல தலைவரா ஜெயிச்ச முருகேசனை 1997-ல வெட்டியே கொன்னாங்க.

4/ அதே பாப்பாபட்டியில 2006-ல தேர்தல் நடந்துச்சு. ஒரே ராத்திரியில எல்லார் மனசும் மாறிடல. அதிகாரிகள் ஊருக்குள்ள போய் உட்கார்ந்து பேசுனாங்க, நடத்தியே தீர்றதுன்னு நின்னாங்க. நடந்துச்சு.

5/ சோழவந்தானையே பாருங்க. அங்கயும் வாக்காளர்ல பெரும்பாலானவங்க மத்த சாதிக்காரங்கதான். சின்னத்தைப் பார்த்துக் குத்திட்டுத்தானே வர்றாங்க? "அங்க வேற வழியில்லை சார்"னு சொல்வீங்க. சரி, வழி இருந்த இடத்துக்கு வருவோம்.

6/ 2001 திருச்சி மக்களவை இடைத்தேர்தல். பொதுத் தொகுதி. அ.தி.மு.க. தலித் எழில்மலையை நிறுத்துச்சு. ஜெயிச்சார். 2021 திருப்போரூர். அதுவும் பொது. வி.சி.க.வின் எஸ்.எஸ். பாலாஜி பானைச் சின்னத்துல நின்னு ஜெயிச்சார். வித்தியாசம் கம்மிதான், ஆனா வெற்றி வெற்றிதான்.

7/ ரத்தமே எடுக்காம ரிப்போர்ட் எழுதுற லேபை நீங்க நம்புவீங்களா? சீட்டே கொடுக்காம "ஜெயிக்க மாட்டாரு"ங்கறதும் அதேதான். தோத்தா ஒரு தடவை தோக்கட்டும். பொதுத் தொகுதியில தோத்த மத்த சாதிக்காரங்களுக்கு மறுபடி சீட்டு கொடுக்கறதில்லையா?

8/ அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வர்றவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க: "இந்த 9 தொகுதியில எத்தனை பேருக்குக் கொடுத்தீங்க?" ஜனங்க மேல பழி போடுறதுக்கு முன்னாடி அவங்க பதில் சொல்லட்டும்.